பெரம்பூர்க்காரர் ரயில்வே பங்கு வாங்கலாமா? வாங்கும் முன் நோட்டில் போட வேண்டிய கணக்கு

எங்கள் தெருவில் ஒரு அண்ணா சமீபத்தில் பணி ஓய்வு பெற்றார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில், பெயின்ட் ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம். கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த மூன்றாம் நாள், பாஸ்புக்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, நம்ம ஐ.சி.எஃப்.ல வந்தே பாரத்தா போட்டுத் தள்றாங்க. இந்த ரயில்வே ஷேரு வாங்கிப் போட்டா வளரவும் வளரும், அப்பப்ப காசும் வரும்னு சொல்றாங்களே, இன்னா சொல்ற?"

அவர் மட்டும் கேட்கவில்லை. அயனாவரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் இதே கேள்விதான். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு பக்கம் முதல் ரயில் கிளம்பிய காலம் தொட்டு நம் பகுதிக்கு ரயில்வே சோறு போட்டிருக்கிறது. அதனால் 'ரயில்வே' என்ற பெயர் ஒட்டிய எதையும் நாம் சந்தேகப்படுவதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது இந்த நம்பிக்கையைப் பற்றித்தான். அண்ணாவும் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் போட்ட கணக்கை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: பணம் எதற்கு என்று எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'வருமானம்', வலது பக்கம் 'வளர்ச்சி'. எவ்வளவு பணம் எந்தப் பக்கம் என்று எழுதச் சொன்னேன். அண்ணா பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பதில் சொன்னது உள்ளேயிருந்து வந்த அண்ணி: "பென்ஷன் வீட்டுச் செலவுக்குச் சரியாப் போயிடும். மேற்கொண்டு மாசம் மூவாயிரம் வந்தா கரண்டு பில்லு, கேஸு, இவரோட சுகர் மாத்திரை, எல்லாம் அதுலயே ஓடிடும்."

எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு எண்தான். மாதம் மூவாயிரம், வருஷத்துக்கு 36,000. இது தவறாமல் வந்தே ஆக வேண்டிய பணம். இந்தப் பணத்துக்கு ஒரு ஞாயம், ஏழெட்டு வருஷம் தொட வேண்டியதில்லாத பணத்துக்கு வேறு ஞாயம். இரண்டையும் ஒரே பங்கு செய்து கொடுக்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இந்த எண்ணை எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது: நீங்கள் வாங்கப்போவது ரயில்வேயை அல்ல

இந்திய ரயில்வே மத்திய அரசின் ஒரு துறை. அதற்குப் பங்கு கிடையாது. 1955-இல் தொடங்கிய நம் ஐ.சி.எஃப். அந்தத் துறையின் உற்பத்திப் பிரிவு, அதற்கும் பங்கு கிடையாது. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் எதுவுமே சந்தையில் இல்லை. ஐ.சி.எஃப். வாசலில் புது ரயில் பளபளவென்று வெளியே வருவதைப் பார்த்துவிட்டு நீங்கள் வாங்கும் எந்தப் பங்குக்கும் அந்த லாபம் நேராக வந்து சேராது. இதைக் கேட்டதும் அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நாங்க பெயின்ட் அடிச்ச வண்டிக்கு ஷேரே இல்லியா?" என்றார். இல்லை.

சந்தையில் இருப்பவை ரயில்வேயைச் சுற்றித் தொழில் செய்யும் கம்பெனிகள். ஒவ்வொன்றும் சம்பாதிக்கும் வழி வேறு. ஐஆர்எஃப்சி கடன் வாங்கி, பெட்டியும் இன்ஜினும் வாங்கி, ரயில்வேக்குக் குத்தகைக்கு விடும் நிதி நிறுவனம். ஐஆர்சிடிசி ஆன்லைன் டிக்கெட், சாப்பாடு, ரயில் நீர், சுற்றுலா. ஆர்விஎன்எல், இர்கான் இரண்டும் பாதையும் பாலமும் போடும் கான்ட்ராக்ட் வேலை. ரைட்ஸ் ஆலோசனை, ரெயில்டெல் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் ஃபைபர் கேபிள், கான்கார் கன்டெய்னர். இவை அரசுக் கம்பெனிகள். தனியாரில் டிட்டாகர், ஜூபிடர் வேகன்ஸ், டெக்ஸ்மாகோ போன்றவை வேகனும் பெட்டியும் செய்கின்றன. ரயில்கள் மோதாமல் தடுக்கும் 'கவச்' கருவிக்கு எச்பிஎல், கெர்னெக்ஸ்.

கான்காரைப் பற்றி நம் பகுதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டை யார்டில் அவர்கள் டெர்மினலைப் பார்த்திருப்பீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். 'இவ்வளவு சரக்கா, அப்ப கான்கார் வாங்கலாம்' என்று தோன்றும். ஆனால் அந்த வரிசையில் நிற்பது லாரி, ரயில் இல்லை. நம் துறைமுகத்துக் கன்டெய்னர் பெரும்பாலும் ரோட்டில்தான் போகிறது. கான்காரின் பெரிய வியாபாரம் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கும் டெல்லி வட்டாரத்துக்கும் நடுவில். வீட்டு வாசலில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஒரு கம்பெனியை எடை போடுவது எவ்வளவு தூரம் தப்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது: சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

இந்தக் கம்பெனிகளில் பலவற்றுக்கு முதலாளி அரசு, பெரிய வாடிக்கையாளரும் அரசு, விலையை நிர்ணயிப்பதும் அரசு. அதனால் ஆர்டருக்குப் பஞ்சமில்லை என்பது ஒரு பக்கம். ஒரே ஒரு கடிதத்தில் லாபம் மாறிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

2021 அக்டோபர் 28-ஆம் தேதி மாலை ஐஆர்சிடிசி ஒரு செய்தி வெளியிட்டது. டிக்கெட் போடும்போது நாம் கட்டும் வசதிக் கட்டணத்தில் பாதியை ரயில்வேக்குக் கொடுக்க வேண்டும் என்று அமைச்சகம் கேட்டிருப்பதாக. மறுநாள் காலை சந்தை திறந்ததும் பங்கு 25 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அன்றைக்கே அமைச்சகம் முடிவை வாபஸ் வாங்கியது, பங்கு மேலே ஏறியது. காலையில் பயந்துபோய் விற்றவருக்குப் போனது போனதுதான். டிக்கெட் விற்பனையில் அன்று ஒரு குறையும் இல்லை. அதே கட்டணம் 2016 நவம்பரில், பணமதிப்பு நீக்கத்தை ஒட்டி நீக்கப்பட்டு, 2019 செப்டம்பரில்தான் திரும்ப வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே நோட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இதன் லாபத்தை டெல்லியில் ஒரு கையெழுத்து மாற்றிவிட முடியுமா? பெரும்பாலானவற்றுக்கு 'முடியும்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அது வாங்கவே கூடாது என்பதற்கான காரணம் இல்லை. எவ்வளவு வாங்கலாம் என்பதற்கான அளவுகோல்.

பட்ஜெட்டும் இதில் சேர்த்தி. 2017 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இல்லை, பிப்ரவரி 1-ஆம் தேதி பொது பட்ஜெட்டிலேயே வந்துவிடுகிறது. 2022-23-இல் ரயில்வேயின் முதலீட்டுச் செலவுக்கு அரசு 1.37 லட்சம் கோடி ஒதுக்கியது. 2023-24-இல் அது 2.40 லட்சம் கோடி ஆனது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் 2.52 லட்சம் கோடி அளவிலேயே நின்றது. அந்த ஒரு பெரிய தாவலில்தான் எல்லா ரயில்வே பங்குகளும் பறந்தன. தொகை குறையவில்லை, ஏற்றம் மட்டும்தான் நின்றது. ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி விலை கொடுத்தவர்களுக்கு அதுவே போதுமான அடி.

நான்காவது: விலையையும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். பாதிக் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

அண்ணா கேள்விப்பட்டிருந்த பங்கு ஐஆர்எஃப்சி, அதையே எடுத்துக்கொண்டோம். 2021 ஜனவரியில் பொதுவெளியீட்டில், அதாவது மக்களுக்கு முதன்முதலாகப் பங்கு விற்றபோது, ஒரு பங்கு 26 ரூபாய்க்கு வந்தது. முதல் நாளே அதற்குக் கீழே இறங்கியது. இரண்டு வருஷம் போல யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2022 மார்ச்சில் 22 ரூபாய் அளவில் கிடந்தது. 2024 ஜூலையில் 229 ரூபாயைத் தொட்டது. பத்து மடங்கு.

சரி, அந்தக் காலத்தில் லாபம் எத்தனை மடங்கு ஆனது? 2021-22-இல் சுமார் 6,090 கோடி. 2023-24-இல் சுமார் 6,412 கோடி. அவ்வளவுதான். ஐந்து சதவீதம் போலக் கூடியிருக்கிறது. பங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஒரு பங்குக்கு லாபம் 5 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக அன்றும் இருந்தது, பிறகும் இருந்தது. 22 ரூபாய்க்கு வாங்கியவர் ஏறக்குறைய ஐந்து வருஷ லாபத்தை விலையாகக் கொடுத்தார். 229-க்கு வாங்கியவர் 46 வருஷ லாபத்தை விலையாகக் கொடுத்தார். கம்பெனி அதே கம்பெனி.

இத்தனைக்கும் அதன் தொழிலில் ஒரு மாற்றம் வந்துகொண்டிருந்தது. அரசு பட்ஜெட்டிலிருந்தே ரயில்வேக்குப் பணம் நேராகக் கொடுக்க ஆரம்பித்ததால், ரயில்வே புதிதாகக் கடன் கேட்கும் தேவை குறைந்துவிட்டது. அதாவது எந்த பட்ஜெட் செய்தியைக் கேட்டு மக்கள் இந்தப் பங்கை ஓடி ஓடி வாங்கினார்களோ, அதே செய்திதான் இதன் வழக்கமான வியாபாரத்தைச் சுருக்கியது. 2025 மார்ச்சில் பங்கு 110 ரூபாய்க்கும் கீழே வந்தது. உச்சத்தில் ஒரு லட்சம் போட்டவருக்கு மிஞ்சியது ஐம்பது ஆயிரத்துக்கும் குறைவு.

ஆர்விஎன்எல்லும் இதே பாதை. 2019-இல் 19 ரூபாய்க்கு வெளியானது, 2024 ஜூலையில் 640-ஐத் தாண்டியது, எட்டு மாதத்தில் பாதிக்கும் கீழே. கான்ட்ராக்ட் கம்பெனிகளில் 'இத்தனை ஆயிரம் கோடி ஆர்டர் கையில்' என்று செய்தி வரும்போது அந்தத் தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது. பாலம் கட்டும் வேலையில் நூறு ரூபாய் வந்தால் கையில் நிற்பது ஏழெட்டு ரூபாய். ஆர்விஎன்எல் 2023-24-இல் சுமார் 22,000 கோடி வருமானத்தில் 1,500 கோடிக்குச் சற்று மேல் லாபம் பார்த்தது. அடுத்த ஆண்டு வருமானம், லாபம் இரண்டுமே குறைந்தன, கையில் ஆர்டர் குவிந்திருந்தும்.

எனவே நீங்கள் பார்க்கும் எந்தப் பங்குக்கும் மூன்று வரி எழுதுங்கள். இன்றைய விலை. கடந்த நான்கு ஆண்டுகளில் ஒரு பங்குக்கு வந்த லாபம், ஆண்டுவாரியாக. விலையை லாபத்தால் வகுத்தால் வருவது. இவை கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் தேசிய பங்குச் சந்தை இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. லாபம் ஏறாமல் விலை மட்டும் ஏறியிருந்தால் அன்றைக்கு வாங்க வேண்டாம். பொறுத்திருந்தால் நஷ்டமில்லை.

ஐந்தாவது: டிவிடெண்டை நம்பிக் குடும்பம் ஓடுமா?

டிவிடெண்ட் என்பது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்கு வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். அரசுக் கம்பெனிகள் அதைக் கொடுக்கத்தான் செய்கின்றன. 2024 நவம்பரில் திருத்திய விதிப்படி, அரசுக் கம்பெனி தன் நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது) 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு லாபத்தில் 30 சதவீதம் என்பது மட்டும். ஆகவே ஏதாவது வரும் என்பது உறுதி. எவ்வளவு வரும் என்பது நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

2023-24-க்கு ஐஆர்எஃப்சி பங்குக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்தது. அண்ணிக்கு வேண்டிய 36,000-ஐ ஒன்றரையால் வகுத்தால் 24,000 பங்கு. இதை அண்ணாவே வகுத்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 26 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 6 லட்சத்து 24 ஆயிரம் போதும். 120 ரூபாய்க்கு வாங்கினால் 28 லட்சத்து 80 ஆயிரம் வேண்டும். 229-க்கு என்றால் ஏறக்குறைய 55 லட்சம். அண்ணா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிறகு அதே 36,000 ரூபாய்க்குத் தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் போட்டுப் பார்த்தோம். 2025-இல் வட்டி 8.2 சதவீதம். அந்த வட்டிக்குச் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 9,000 ரூபாய் கணக்கில் விழும், ஐந்து வருஷத்துக்கு வட்டி மாறாது. மாத்திரை வாங்கும் பணத்துக்கு இதுதான் இடம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ரயில்வே பெயரிலேயே வருமானம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஐஆர்எஃப்சி முன்பு வெளியிட்ட வரியில்லாக் கடன் பத்திரங்கள் சந்தையில் விற்று வாங்கப்படுகின்றன, டிமேட் கணக்கு (பங்கும் பத்திரமும் மின்னணு வடிவில் இருக்கும் கணக்கு) இருந்தால் வாங்கலாம். வட்டிக்கு வருமான வரி இல்லை. ஆனால் விற்பவர் கேட்கும் விலையைச் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். பழைய வீட்டை விற்றவர்கள் மூலதன ஆதாய வரியைத் தவிர்க்கப் போடும் ஐந்து வருஷப் பத்திரங்களிலும் ஐஆர்எஃப்சி ஒன்று. அது வேறு தேவைக்கானது, வட்டி குறைவு.

ஆறாவது: உங்கள் வீட்டில் யார் யார் ரயில்வேயை நம்பியிருக்கிறார்கள்?

இதை யாரும் கேட்பதில்லை, நான் அவசியம் கேட்பேன். வியாசர்பாடியில், வில்லிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்து ரயில்வே டெண்டரை நம்பி வாழும் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் ஆர்டர் தள்ளிப்போனால் பட்டறையும் தூங்கும், அதே காரணத்துக்காக வேகன் கம்பெனிப் பங்கும் தூங்கும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெறுங்கை ஆகிவிடும். அப்படிப்பட்டவர்கள் ரயில்வே பங்கைக் குறைவாகவே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் வேலையில் இருக்கும் ரயில்வே ஊழியர்களுக்கு நடத்தை விதி ஒன்று இருக்கிறது. அடிக்கடி வாங்கி விற்பது சூதாட்ட வியாபாரமாகக் கருதப்படும், அது கூடாது. எப்போதாவது பதிவு பெற்ற புரோக்கர் மூலம் முதலீடு செய்வதில் தடையில்லை. ஒரு ஆண்டில் மொத்தப் பரிவர்த்தனை ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தினம் மதியம் டீ குடிக்கும் நேரத்தில் போனில் வாங்கி விற்கும் தம்பிகள் இதைப் பர்சனல் பிராஞ்சில் ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஏழாவது: வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டால்

பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் டிமேட் திறந்துவிடலாம். ஒரே ஒரு டிமேட்தான் வைத்திருக்கிறீர்கள், மதிப்பும் நான்கு லட்சத்துக்குள் என்றால் 'அடிப்படை சேவை' கணக்காக வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆண்டுக் கட்டணம் இல்லை. நாமினி பெயரைத் திறக்கும்போதே சேர்த்துவிடுங்கள். இன்று வாங்கினால் மறு வேலைநாளில் பங்கு கணக்குக்கு வந்துவிடும்.

புரோக்கர் கம்பெனி போன் செய்து 'பணம் நாங்கள் தருகிறோம், கூடுதலாக வாங்குங்கள்' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கமே போகாதீர்கள். அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொன்னது. வாட்ஸப், டெலிகிராம் குரூப்பில் 'நாளைக்கு ஆர்டர் செய்தி வருது' என்று யாராவது போட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்? என் அளவு இது: வளர்ச்சிக்கென்று ஒதுக்கிய பணத்தில் பத்து சதவீதம். பாதியாகக் குறைந்தாலும் இரவில் தூக்கம் வர வேண்டும். அதையும் ஒரே நாளில் போடாமல் ஆறேழு தவணையாக, சீட்டுக் கட்டுவது போல. மீதி தொண்ணூறு சதவீதம் எல்லாத் துறையும் கலந்த, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கட்டும். அரசு ரயில்வே கம்பெனிகளுக்கென்றே தேசிய பங்குச் சந்தையின் நிஃப்டி வரிசையில் ஒரு குறியீடு இருக்கிறது, அதைப் பின்பற்றும் ஃபண்டும் உண்டு. ஒரு கம்பெனி சறுக்கினால் தாங்கும். ஆனால் எல்லாமே டெல்லியைப் பார்த்தே நிற்பதால், பட்ஜெட் ஏமாற்றினால் மொத்தமும் சேர்ந்து இறங்கும்.

அரசு தன் பங்கை விற்பதையும் எதிர்பார்த்திருங்கள். பட்டியலிட்ட கம்பெனியில் பொதுமக்கள் கையில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது செபி விதி. ஐஆர்எஃப்சி வெளியீட்டுக்குப் பிறகு அரசிடம் 86 சதவீதம் இருந்தது. இப்படிப்பட்ட கம்பெனியில் என்றாவது ஒரு நாள் பெரிய அளவில் பங்கு விற்பனைக்கு வரும், அதுவும் பெரும்பாலும் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவாக.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேரும். ஒரு கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். ஒரு வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்குப் பிறகு விற்றால், ஆண்டுக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வரும் லாபத்தில் மட்டும் 12.5 சதவீதம். விற்ற லாபத்துக்கான இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை வாங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்: எந்தக் காரணம் வந்தால் விற்பேன். விலை இறங்கியது என்பது காரணம் ஆகாது. லாபம் இரண்டு வருஷம் தொடர்ந்து குறைந்தது, வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தாமதிப்பதால் வர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, அரசு கட்டணத்தையோ கமிஷனையோ மாற்றிவிட்டது, இப்படி எழுதுங்கள். வாங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால் மனசு பங்குக்குச் சாதகமாகவே பேசும்.

அண்ணா கடைசியில் என்ன செய்தார் என்று சொல்கிறேன். நாலரை லட்சம் பெரம்பூர் தபால் நிலையத்தில் போட்டார். கையில் அவசரத்துக்கு ஒரு லட்சம் எஃப்.டி. வளர்ச்சிக்கென்று மூன்று லட்சம் ஒதுக்கினார், அதில் முப்பதாயிரம்தான் ரயில்வேக்கு, மாதம் ஐயாயிரமாக. எந்தக் கம்பெனி என்று அவரே மூன்று ஆண்டறிக்கையை மகனின் லேப்டாப்பில் பெரிய எழுத்தாக்கிப் படித்துவிட்டு முடிவு செய்தார். என்னிடம் கேட்கவில்லை. இரண்டு தவணை முடிந்திருக்கிறது. காலாண்டு முடிவு வரும் தேதியை சமையலறைக் காலண்டரில் பால்கார அண்ணனுக்குப் பணம் கொடுத்த கணக்குக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.